அமாவாசைக் காய்ச்சல்

காய்ச்சலுக்கு ஒரு வாசம் உண்டு. புளிக்கத் தொடங்கிய பாலும் மழையில் நனைந்த பருத்தித் துணியும் சேர்ந்தது மாதிரி. பிள்ளைகள் வார்டில் அத்தனை வருடம் நின்றவள் மூக்கிலிருந்து அது போவதில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வயது ஐம்பத்து மூன்று. பசாரில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்பவள் இடுப்பில் ஒரு குழந்தை கண் சொருகினால் போதும், தக்காளி கூடைக்குத் திரும்பிவிடும், என் புறங்கை அந்தக் குழந்தையின் கழுத்துக்குப் போய்விடும். தாய் முறைப்பாள். "தாதி வேல பார்த்தவம்மா" என்று அசடு வழிந்துகொண்டு நகர்வேன்.

போன வாரம் பழைய வார்டிலிருந்து இரண்டு இளம் தாதிகள் பார்க்க வந்தார்கள். காய்ச்சல் கணக்கெல்லாம் இப்போது கைப்பேசியில் வந்துவிட்டதாம். தாய் சூட்டைப் பதிந்தால் போதும், அதுவே கோடு போட்டு, அடுத்தது எந்த வாரம் வரலாம் என்றுகூடச் சொல்கிறதாம்.

"அப்பல்லாம் இது இல்லியேக்கா. திரும்பத் திரும்ப வர்ற காய்ச்சல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் பலகாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவர்கள் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். பதில் இதுதான்: நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு தாய் கண்டுபிடித்தாள். அதை வெளியே சொல்லாதே என்று அவளிடம் சொன்னவள் நான்.

பயிற்சிக் காலம் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வருடம், வெள்ளைக் காலணி, மனப்பாடம், அழுகை. முதல் வேலை மெர்சிங் என்ற கடலோர ஊரில். தீவிலிருந்து படகில் வரும் பிள்ளைகளின் நெற்றியில் கடலுப்பு காய்ந்து பூத்திருக்கும். வெப்பமானியை வைக்கும் முன்னால் கண்ணைப் பார், உதட்டைப் பார், மூச்சை எண்ணு. அங்கே கற்றது அவ்வளவுதான், அது கடைசி நாள் வரை போதுமானதாக இருந்தது. பிறகு மாற்றலாகி ஜொகூர் பாருவுக்கு வந்தேன். அங்கேதான் டாக்டர் ரொஸ்னா.

டாக்டர் ரொஸ்னா பிள்ளைகள் நிபுணர். குள்ளம். வெளிநோயாளிகள் அறையில் அவருக்கு நல்ல சாய்வு நாற்காலி உண்டு. அதில் தன் கைப்பையை உட்கார வைப்பார். அவர் உட்காருவது பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் முக்காலியில், முழங்கால் தாடையை இடிக்க. பிள்ளையின் கண்ணும் அவர் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகே நெஞ்சில் வைப்பார். கழுத்தைத் தடவுவது பின்னாலிருந்து, விளையாட்டுப்போல. நெறி கட்டியிருக்கிறதா என்று விரல் தேடும். கீழுதட்டை மெல்ல மடித்து உள்ளே புண் இருக்கிறதா என்று பார்ப்பார். தொண்டை கடைசி. டார்ச்சைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "நீ வெளிச்சம் காட்டு, எனக்குக் கண்ணு தெரியல" என்பார். அழ வேண்டிய பிள்ளை பெருமையோடு வாயைத் திறக்கும்.

இன்னொரு வழக்கம் அவருக்கு. தாய் சொல்லி முடித்ததும் "லாகி?" என்பார். வேறென்ன என்று அர்த்தம். தாய் இன்னும் கொஞ்சம் சொல்வாள். மறுபடி "லாகி?" மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். எனக்குக் கால் கடுக்கும். ஆனால் மூன்றாவது லாகிக்குப் பிறகுதான் தாய்மார் உண்மையான விஷயத்தைச் சொல்வார்கள் என்பதை நானே பல நாள் பார்த்திருக்கிறேன்.

வார்டு வேலை இல்லாத நாட்களில் அந்த அறையின் வாசலில் என் மேசை. எடை, உயரம், சூடு எல்லாம் நான் பார்த்து, வந்த காரணத்தை ஓரிரு வரியில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். கலா தன் மகளைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்து நின்றது அந்த மேசைக்குத்தான்.

கலாவுக்கு முப்பது இருக்கும். தம்போயில் வீடு, செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கணவர் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர். பிள்ளை தர்ஷினிக்கு நாலு வயது. அன்று காய்ச்சல் இல்லை. மேசையிலிருந்த என் பேனாக்களையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான இருக்கா, என்னம்மா விஷயம்?"

"இன்னிக்கு நல்லாத்தான் மிஸ்ஸி இருப்பா. வர்ற அன்னிக்கு வந்து பாருங்க, தோசக்கல்லு மாதிரி கொதிக்கும். நாலஞ்சு நாளு. தம்போய் கிளினிக்ல ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் குடுக்கறாங்க. போயிருது. அடுத்த மாசம் திரும்ப வந்து நிக்குது." பையிலிருந்து, ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிய காகிதத்தை எடுத்து விரித்தாள். மளிகைக் கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் தமிழ் மாத நாட்காட்டி. மூன்று மாதத் தாளைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். சிவப்புப் பேனாவில் மூன்று வட்டம். ஒவ்வொரு வட்டமும் அமாவாசையின் கறுப்புப் புள்ளிக்கு மேலேயோ அதற்கு ஒட்டினாற்போலவோ.

"அமாவாசைன்னா வந்துருது மிஸ்ஸி. நாங்க வெரதம்கூட இருந்து பாத்துட்டோம்."

அந்த நிமிடத்தில் என் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்கே தெரியும். எனக்குப் பின்னால் இரண்டு தாதிகள் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மலாய்ப் பெண், ஒருத்தி சீனப் பெண். நல்லவர்கள்தான். ஆனால் அதற்கு முந்தின வாரம், மகனின் வலிப்புக்குத் தாயத்தைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு தமிழ்த் தாயைப் பற்றித் தேநீர் அறையில் சிரித்திருந்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். சிரித்தது வீடு வரைக்கும் என் கூட வந்தது. நம்ம ஆட்கள் என்றாலே இதுதான் என்று இவர்கள் இன்னொரு முறை சொல்ல நான் இடம் கொடுக்கக்கூடாது. அவ்வளவுதான் என் யோசனை. என் வீட்டுச் சமையலறையிலும் அதே நாட்காட்டிதான் தொங்கியது.

குரலைத் தாழ்த்தினேன். "இங்க பாரும்மா. அமாவாசை கிமாவாசைன்னு டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத. சிரிப்பாங்க. காய்ச்சல் வருது, போகுதுன்னு மட்டும் சொல்லு. இந்தா, இந்தப் பாரத்துல சூட்ட எழுதிட்டு வா" என்று அச்சடித்த படிவத்தை நீட்டினேன்.

கலா என்னைப் பார்த்தாள். பிறகு நாட்காட்டியைச் சுருட்டி ரப்பர் வளையத்தைப் போட்டாள். "சரிங்க மிஸ்ஸி."

உள்ளே டாக்டர் மூன்று முறை "லாகி?" கேட்டார். மூன்று முறையும் கலா, "அவ்ளோதான் டாக்டர்" என்றாள். நான் கதவருகில் நின்றேன்.

நான் கொடுத்த பாரத்தில் ஏழு வரிகள், ஏழு நாளுக்கு. காலை சூடு, மாலை சூடு, கொடுத்த மருந்து. ஒரு காய்ச்சலுக்கு ஒரு பாரம். முடிந்ததும் கோப்புக்குள் போகும். அடுத்த காய்ச்சலுக்குப் புதுப் பாரம். ஒவ்வொரு காய்ச்சலும் அழகாகத் தெரியும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே எத்தனை நாள் என்பது எந்தத் தாளிலும் தெரியாது. சில பாரம் வார்டுக் கோப்பில், சில வெளிநோயாளிக் கோப்பில், தம்போய் கிளினிக்கின் சீட்டுகள் கலாவின் கைப்பையில். ஒழுங்கு என்று நான் நம்பியது, துண்டு துண்டாக வெட்டி வைப்பதுதான்.

நான்கு மாதம் போனது. நான்கு காய்ச்சல். இரண்டு முறை வார்டில் சேர்த்தோம். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் தொண்டை சிவந்து வெள்ளை படிந்திருக்கும், கழுத்தில் நெறி, உதட்டுக்குள் புண். தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்து அனுப்பினால், கிருமி எதுவும் வளரவில்லை என்று பதில் வரும். ஐந்தாம் நாள் காய்ச்சல் தானாகக் கழன்று விழும். மருந்து கேட்டது என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவோம். அதற்குள் கலாவுக்குத் தொழிற்சாலையில் இரண்டு எச்சரிக்கைக் கடிதம். "ஒன் பிள்ளைக்கு மட்டும் என்ன மாசாமாசம், அட்டவணை போட்டு வருதான்னு கேக்குறாரு மிஸ்ஸி சூப்பர்வைசரு" என்று சிரித்தபடி சொன்னாள். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. மருத்துவமனையில் யாரும் அதைக் கேட்கவில்லை.

இரண்டாம் முறை வார்டில் இருந்தபோது, காய்ச்சல் இறங்கிய பிறகு எடுத்த ரத்தத்தில் வெள்ளையணுக்களில் ஒரு வகை குறைந்திருந்தது. கொஞ்சம்தான். ஆனால் மாதக்கணக்காகக் காய்ச்சல் வரும் பிள்ளை. ரத்தத்தில் வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று முடிவானது. எலும்பு மஜ்ஜையில் ஊசி விட்டு எடுக்கும் சோதனை. மறுநாளுக்குக் குறித்தார்கள். சம்மதப் பாரத்தை நான்தான் எடுத்துப் போனேன்.

காலை பத்து மணி. தர்ஷினி கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கலா பாரத்தை வாசித்தாள். நேராகக் கேட்டாள்.

"மிஸ்ஸி, இது கேன்சர் பாக்குற டெஸ்டா?"

"அதுவும் இல்லன்னு உறுதி பண்ணத்தாம்மா..."

"எனக்கு அதெல்லாம் புரியல. நீங்க போடச் சொல்றீங்களா? நீங்க சொன்னா கையெழுத்துப் போடுறேன்."

நான்கு மாதத்துக்கு முன்பும் நான் சொன்னதைத்தான் அவள் கேட்டாள். நீட்டியிருந்த பேனாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் இரும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்த நடைபாதையை ஆயிரம் முறை நடந்திருப்பேன். அவ்வளவு நீளமாக ஒருநாளும் இருந்ததில்லை.

டாக்டர் ரொஸ்னா தன் அறையில் நின்றபடியே ரொட்டியில் காயா ஜாம் தடவிக்கொண்டிருந்தார். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன சரஸ், கையெழுத்து வாங்கிட்டியா?"

"இல்ல டாக்டர். அந்தப் பிள்ளைக்கு மாசத்துக்கு ஒருமுறை காய்ச்சல் வருது."

"தெரியுமே. லாகி?"

"தேதி மாறாம வருது."

ஜாம் தடவிய கத்தி நின்றது. "லாகி?"

"அம்மா நாட்காட்டியில குறிச்சு வச்சிருக்கு. அமாவாசைக்கு வருதுன்னு சொன்னாங்க. நான்தான் உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னேன். நீங்க சிரிப்பீங்கன்னு."

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். காயா ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு, "அந்த நாட்காட்டி இப்ப எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கலாவின் பையிலேயே இருந்தது. இப்போது ஏழு மாதத் தாள்கள், ஏழு சிவப்பு வட்டம். டாக்டர் அவற்றை வார்டுத் தரையில் வரிசையாக விரித்து மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டம் வரை விரல் வைத்து எண்ணினார். தர்ஷினி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துக் கூடவே எண்ணினாள். பதினொன்றுக்குப் பிறகு பதினைந்துக்குத் தாவினாள். இருபத்தெட்டு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தெட்டு.

"இங்க பாரு சரஸ், வட்டம் மாசாமாசம் கறுப்புப் புள்ளிய விட்டு முன்னாடி நகருது. கடைசி வட்டம் அமாவாசைக்கு ஒன்பது நாளுக்கு முன்னாடி. அம்மாகிட்ட கேளு."

கேட்டேன். கலா கூச்சத்தோடு சொன்னாள்: "வெரதம் இருக்கோம்ல, அதனால சீக்கிரமே வந்துட்டுப் போயிருதுன்னு நெனச்சேன்."

மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடாமல். டாக்டர் அப்போதுதான் சிரித்தார், கலாவைப் பார்த்து, பாராட்டுகிறவர் சிரிப்பு. "நிலாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. ஆனா நீ எண்ணுனது அத்தனையும் சரி. நாங்க ஒருத்தரும் எண்ணல."

அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. வயிற்று வலி உண்டா? மூட்டு வீக்கம்? உடம்பில் தடிப்பு? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி? பரம்பரையாக வரும் காய்ச்சல்களும் உண்டு, அதனால் சொந்தத்தில் திருமணமா என்றும் கேட்கச் சொன்னார்.

"ஐயோ மிஸ்ஸி, மாமா பையன் வேணாம்னு சண்ட போட்டுத்தான் இவரக் கட்டுனேன். இப்பத் தோணுது, அவனே பரவால்லலா."

எடை உயர அட்டையை எடுத்து வரச் சொன்னார். கோடு ஒருமுறைகூடச் சரியாமல் ஏறியிருந்தது. ரத்தத்தைத் தானே கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்தார். அணுக்கள் ஒழுங்காகவே இருந்தன. மஜ்ஜைச் சோதனையைத் தள்ளிவைத்தார், ரத்துச் செய்யவில்லை. "இது தவணை தவறாம வர்ற காய்ச்சல் மாதிரி இருக்கு. காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை, நெறி, நாலும் ஒண்ணா வரும், ஒண்ணாப் போகும். நடுவுல பிள்ளை நல்லா இருக்கும், நல்லா வளரும். கிருமியே இருக்காது. தீயே இல்லாத வீட்டுக்கு மாசாமாசம் போம்பா வண்டி வந்து தண்ணி அடிச்சிட்டுப் போற மாதிரி." பிறகு என்னிடம் தனியாக: "ஆனா வெள்ளையணுவே கணக்கு வச்சுக் குறையற வியாதியும் உண்டு. அது இல்லன்னு பாத்துட்டுத்தான் பேர் வைக்கணும். வாரம் ரெண்டு தடவ ரத்தம், ஆறு வாரம்."

இந்தக் காய்ச்சலை நிறுத்த ஒரு மருந்து உண்டு, ஸ்டீராய்டு, ஒரே ஒரு வேளை. அதை அந்த ஆறு வாரமும் தொடக்கூடாது என்றார். வேறு நோய் உள்ளே இருந்தால் அந்த மருந்து அதை மூடி மறைத்துவிடும். வெள்ளையணுக் கணக்கையும் கலைத்துவிடும். ஆகவே நடுவில் ஒரு காய்ச்சல் வரும், அதைச் சூட்டு மருந்தோடு மட்டும் தாங்க வேண்டும். கலா தலையாட்டினாள். மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக் கேட்டாள். வாரம் இரு காலை, பிரிவு திறக்கும் முன்பே நான் வந்து காத்திருந்து ரத்தம் எடுத்தேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. பன்னிரண்டு குழாய். பன்னிரண்டிலும் வெள்ளையணு தன் பாட்டில் இருந்தது. முன்பு ஒரு தடவை குறைந்தது, உடம்பு களைத்திருந்தபோது தற்செயலாகக் குறைந்ததுதான். மஜ்ஜைச் சோதனை தேவைப்படவில்லை.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்டீராய்டு மருந்து நோயை வேரோடு எடுக்கவில்லை. காய்ச்சல்களை நெருங்கி வரவும் செய்தது. இருபத்திரண்டு நாளுக்கு ஒன்று. டாக்டர் அதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தொண்டைச் சதையை எடுத்துவிடலாம், பலருக்கு அதோடு நிற்கும் என்றும் சொன்னார். கலா யோசித்து, பொறுத்துப் பார்ப்போம் என்றாள். தர்ஷினிக்கு ஒன்பது வயதானபோது காய்ச்சல் ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. பிறகு வரவே இல்லை. டாக்டர் தொழிற்சாலைக்கு எழுதிய கடிதத்தில் எதிர்பார்க்கும் தேதிகளையே போட்டுக் கொடுத்திருந்தார். கலாவின் வேலை போகவில்லை. அந்த வார்டில் அதற்குப் பிறகு எந்தத் தாயிடமும், "எப்போதெல்லாம் வருகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று கேட்காமல் நான் எழுதியதில்லை. திருவிழா முடிந்தால் வருகிறது என்பார்கள், மழைக்கு முன் வருகிறது என்பார்கள், மாமியார் வந்தால் வருகிறது என்பார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். டாக்டர் எல்லாவற்றையும் எண்ணினார்.

ஆனால் நான் நன்றியோடு நினைத்துக்கொள்வது, அந்த மருந்தை முதன்முதலில் கொடுத்த நாளை.

நாட்காட்டியின்படி அடுத்த காய்ச்சல் வியாழக்கிழமை வர வேண்டும். வியாழன் காலை எட்டரைக்குக் கலா வந்தாள், தோளில் தர்ஷினி துவண்டு கிடந்தாள். முப்பத்தொன்பது புள்ளி ஆறு. கன்னம் சிவந்து, உதடு காய்ந்து, கழுத்தில் நெறி. டாக்டர் பார்த்தார், தொண்டையை, காதை, நெஞ்சை, வயிற்றை, எதையும் விடவில்லை. பிறகு எடைக்குக் கணக்குப் போட்டு மருந்தை எழுதினார். பயங்கரக் கசப்பு அது. தர்ஷினி முதல் வாயைத் துப்பினாள், என் சட்டையெல்லாம். துப்பியது எவ்வளவு என்று பார்த்து மறுபடி அளந்து, ஐஸ்கிரீமில் கலந்து கொடுத்தேன்.

பத்து மணிக்கு முப்பத்தொன்பது புள்ளி நாலு. பதினொன்றுக்கு அதே. கலா ஈரத் துணியால் பிள்ளையின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வேறு கட்டில்களுக்குப் போய்ப் போய்த் திரும்பினேன். பன்னிரண்டரைக்கு முப்பத்தெட்டு புள்ளி ஐந்து. இரண்டு மணிக்குப் பிள்ளையின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. மூன்று மணிக்கு முப்பத்தேழு. நான் நம்பாமல் வேறொரு வெப்பமானி எடுத்து வந்து வைத்தேன். முப்பத்தேழு. ஐந்து நாள் எரிய வேண்டிய காய்ச்சல் ஒரு பகலுக்குள் அணைந்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார். முக்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, மீ கோரேங்," என்றாள் தர்ஷினி. மறுபடி, "முட்ட போட்டு."

"அலமாக், காலையில சாகக் கெடந்தவ பேசற பேச்சப் பாருங்க மிஸ்ஸி." கலாவின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

டாக்டர் போன பிறகு, வியர்வையில் நனைந்த படுக்கை விரிப்பை மாற்ற வேண்டியிருந்தது. தர்ஷினியை நாற்காலியில் உட்கார வைத்தோம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் கலா, இந்தப் பக்கம் நான். புது விரிப்பை உதறினேன். அது இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"கலா, அன்னிக்கு மொத நாளே அந்த நாட்காட்டியக் காட்ட விட்டிருந்தா, இவளுக்கு இத்தன ஊசி இல்ல. நாலு மாசம் என்னால வீணாப்போச்சு. என்ன மன்னிச்சிரும்மா."

கலா விரிப்பை இழுத்து விட்டுக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு மலாய் தெரியாதா மிஸ்ஸி? ஃபேக்டரில பத்து வருசமா மலாய்தான் பேசறேன். டாக்டர் லாகி லாகின்னு கேட்டப்ப, சொல்லிறலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கதவுகிட்ட ஒங்க மொகத்தப் பாத்தேன். இவங்க இங்க எல்லாரோடயும் நிமிந்து நின்னு வேல செய்றவங்க, நம்மளால அவங்களுக்கு ஒரு தலகுனிவு வேணாம்னு விட்டுட்டேன்."

அவள் சொன்ன விதத்தில் குத்தல் இல்லை. தன் பிள்ளை கொதித்துக்கொண்டிருந்த நான்கு மாதமும் இவள் எனக்காகவும் வாயை மூடியிருந்தாள்.

குனிந்து மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பை மடித்துச் செருகினேன். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மடிப்பைச் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். கண்ணீர் மறைத்ததில் கோணலாகப் போனது. கலா சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். "தள்ளுங்க மிஸ்ஸி" என்று சொல்லி, நான் செருகியதை உருவி, நேராக்கி, மறுபடி செருகினாள்.